சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்ததைவிடக் கூடுதல் பொறுமையோடு படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி அமெரிக்காவிலிருந்து பேசினாள். அவள் மகளுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமைகளில் அந்த ஊர்ப் பொது நூலகத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறாளாம். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது, அப்படியான வேலைகள். "நம்ம ஊர்ல இது ஏன் இல்ல டீச்சர்?" என்று கேட்டாள். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை, அந்தப் பதிலில் நானும் இருக்கிறேன்.

1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தபோது தொடக்கப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்களும் கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தன. பதிவேட்டில் வரவு வைத்தேன், எண் போட்டேன், பீரோவில் வைத்துப் பூட்டினேன், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். இப்படியே ஆறு வருடம் போனது. ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. ஒரு பிள்ளைகூடப் படிக்கவும் இல்லை. அந்த ஆறு வருடத்தில் என்னிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்கு வந்த புத்தகங்கள் அவை.

பீரோவைத் திறக்க வைத்தது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். விடியும் முன்னே அவர் கிளம்பிவிட, தம்பிக்குச் சோறு போட்டு இழுத்துக்கொண்டு இவள் பள்ளிக்கு வருவாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை இல்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒருநாள் பீரோவைக் காட்டி, "டீச்சர், சாவிய நான் வெச்சிக்கட்டா?" என்றாள். புத்தகம் வேண்டும் என்று கேட்கவில்லை பாருங்கள், சாவி வேண்டும் என்று கேட்டாள். என்ன தோன்றியதோ, கொடுத்துவிட்டேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று எழுதச் சொன்னேன். பெயர் எழுத வேண்டுமே, அதற்காகத் தலைப்பை வாசித்தாள். "இது நல்லாருக்குமா?" என்று மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் கேட்குமே, அதற்காக உள்ளேயும் வாசித்தாள். திருப்பித் தராதவன் வீட்டுக்குப் போய் அவன் பாட்டியிடம் முறையிட்டுப் புத்தகத்தோடுதான் திரும்புவாள். அந்த வருடம் இரண்டு புத்தகங்கள் தொலைந்தன, ஒன்றின் அட்டையை எலி தின்றது. வருட முடிவில் அவள் தடையில்லாமல் வாசித்தாள். நான் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை அது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன், விருப்பம் இருந்தால் அவளே கீழே வந்து எழுதட்டும்.

அன்றிலிருந்து என் எண்ணம் இதுதான். "வந்து படி" என்று கூப்பிட்டால் பிள்ளைகள் வருவதில்லை. "வந்து உதவி பண்ணு" என்று கூப்பிட்டால் வருகிறார்கள், வந்தவர்கள் படிக்கிறார்கள்.

நம்மிடம் நூலகம் இல்லாமல் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல காலம் பாடுபட்டதன் பலனாக 1948-இலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. இன்றைக்கும் நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு கட்டுகிறோம், கதவைத்தான் தட்டுவதில்லை. உங்களில் சிலர் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகி, பலகையில் பெயர் வந்ததைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் உங்கள் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறையாவது போயிருக்கிறதா?

ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து நூலகத்துக்கு அடிக்கடி போகிறேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அடுக்குவதற்குத் துணைக்கு வைத்துக்கொண்டேன். புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டியிருக்கும் அல்லவா? தமிழ்ப் புதினத்துக்கு 894.8113, மலையாள இலக்கியத்துக்கு 894.812. எது முதலில் வரும் என்றேன். 812 சின்னது, 8113 பெரியது, ஆகவே மலையாளம்தான் முதலில் என்றான். முப்பது வருடம் கரும்பலகையில் தசமம் நடத்தியவள் நான், இந்தத் தப்பு எத்தனை நோட்டில் வந்திருக்கும் தெரியுமா! அவனே அடுக்கிப் பார்த்தான். 894.811 என்று தொடங்கும் தமிழ் நூல்கள் எல்லாம் தொடர்ச்சியாக நிற்க, நடுவில் மலையாளம் ஒன்று புகுந்து நின்றது. தலையைச் சொறிந்தான். புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகப் பார்க்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தான். போகும்போது தகழியின் செம்மீன் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு போனான்.

இதை நூலகர்களிடம் சொன்னால் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. புத்தகம் தொலைந்தால் கைக்காசு போகுமோ என்ற பயம், பல இடங்களில் ஒரே ஆள் கூட்டிப் பெருக்குவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை பார்க்கும் நிலை. என் பீரோ பயம்தான் அவர்களுடையதும். ஆனால் வேலைக்கு ஆள் இல்லாத இடத்துக்குத்தானே உதவிக்குப் பிள்ளைகள் வேண்டும்?

பெற்றோர் சொல்வது வேறு. "படிக்கிற பிள்ளையத் தூசி தட்டச் சொல்றீங்களா?" ஆமாம், சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம். கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது பாதிகூட இல்லை. பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப யோசிப்பது நியாயம்தான், அதற்கு இரண்டு மூன்று பேராக அனுப்புங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போய் நாளிதழ் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். சான்றிதழ் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகப் போகாதீர்கள்.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். நூலகத்துக்கு வர முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோக 2022-இல் அரசே நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அந்த நண்பர்களாக வேண்டும் என்பது என் ஆசை. தெருக்கோடித் தாத்தாவுக்குப் புத்தகம் கொண்டுபோகிற பிள்ளை, அவர் கண் தெரியவில்லை என்றால் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டும் வரும். நம் பக்கத்து ஆட்கள் தன்னார்வமாக வருவார்களா என்று சந்தேகப்படவும் வேண்டாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியதே நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். உங்கள் அக்கா தங்கைகளில் எத்தனை பேர் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. வெயில் ஏற ஏற உப்பளத்தில் வேலை கூடும், பெரியவர்கள் எல்லாம் வரப்பில் இருப்பார்கள். பிள்ளைகள் ஒன்றரை மாதம் வீட்டில் கிடக்கும். ஊரில் இருப்பவர்கள் உங்கள் பிள்ளையை மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினர் கட்டணம் மிகச் சின்னத் தொகை, முடியாத வீட்டுக்கு நீங்கள் கட்டுங்கள். நூலகரிடம் பணிவாகக் கேளுங்கள், "ஐயா, இந்தப் பிள்ளைக்கு ஒரு தட்டு மட்டும் பொறுப்புக் கொடுங்க" என்று. அந்தத் தட்டில் புத்தகம் தொலைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களே, பணம் அனுப்புவதாக இருந்தால் இதற்கு அனுப்புங்கள்.

கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். நாலு பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழந்துணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், முதலில் தூசி தட்ட வேண்டும்.