வண்டி கிளம்ப மறுத்தால்

கல்கத்தாவில் மழைக்காலம் பிறந்துவிட்டால், பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குக் கவலையும் உடன் பிறந்துவிடுகிறது. நம் சங்கத்து அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாஸடரைப் பழைய இரும்புக்கு விற்கத் துணிந்தார் என்ற செய்தி நம் காதுக்கு எட்டியது. ஒரு வாரமாக வண்டி கிளம்பவில்லையாம். உத்தரபாராவில் அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. விற்றபின் வருந்தினால் புதிதாக ஒன்று வாங்கவியலாது. எனவே இரண்டு நாள் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டு, நாமும் சென்று பார்த்தோம்.

பெட்ரோல் என்ஜின் உயிர்பெற முதலில் வேண்டுவன மூன்று: அதனைச் சுழற்றும் பாட்டரியின் வலிமை, பிளக்கில் தீப்பொறி, காற்றுடன் கலந்த பெட்ரோல். இவற்றுள் எது குறைந்தது என்று அறியாமல் ஸ்டார்ட்டரையே ஓயாது இயக்கினால் பாட்டரி தீரும், குறை தீராது.

முன்விளக்கை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குக. விளக்கு மிக மங்கி, என்ஜினும் தளர்ந்து சுழன்றால், பாட்டரி சோர்ந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கலாம். முனைகளைக் கழற்றித் துப்புரவாக்கி இறுகப் பூட்டவேண்டும்.

சுழற்சி நன்றாயிருந்தால், ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பலமுறை சுழற்றியும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம். பம்பு, வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றை ஆராயவேண்டும். நனைந்திருந்தால், பெட்ரோல் மிஞ்சியிருக்கும்; அல்லது பொறி இராது. பிளக்கைத் துடைத்து, அதன் கம்பியில் மாட்டி, துளைக்கு எட்ட, என்ஜினின் உலோகத்தில் படும்படி வைக்கவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க, மற்றொருவர் ஸ்டார்ட்டரை இயக்கினால் நீலப் பொறி தெரியவேண்டும். பெட்ரோல் வாடை அடங்கிய பின்னரே இச்சோதனை செய்தல் வேண்டும். அவ்வேளையில் கம்பியைக் கையால் தொடலாகாது.

அன்பரின் பாட்டரி ஏற்கெனவே சோர்ந்திருந்தமையால், அதற்குச் சார்ஜ் ஏற்றியபின் மறுநாள் தொடங்கினோம். பிளக் நனைந்திருந்தது, பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தோம். உட்புறமெங்கும் ஈரம் வியர்வைபோல் அரும்பியிருந்தது. பிளக்குக்குச் செல்லவேண்டிய மின்சாரம் அவ்வீரத்தின் வழியே கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தோம். பாயிண்டுகள் திறக்கும் இடைவெளி அவ்வகை என்ஜினில் சுமார் 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். அதனையும் அளந்து சரிசெய்தோம்.

இரண்டாம் முயற்சியில் என்ஜின் முழங்கிற்று. ஓசை கேட்டு அன்பரின் தாயார் வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். விலைப் பேச்சு அன்றோடு நின்றது.

அன்பர்களே, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் வண்டியை ஓட்டி வருக. உலர்ந்த துணியொன்றைக் கருவிப்பெட்டியில் வைத்திருக்க. குறை இன்னதென்று அறியுமுன் வண்டியைக் கைவிடாதீர்கள்.