டைல்ஸ் அப்புறம், தரை முதல்ல!

கார் ஷெட்டுக்கு ஒண்ணோட ஒண்ணு கோத்து மாட்டுற பிளாஸ்டிக் டைல்ஸ் வாங்கறவங்க கலரைத்தான் பாக்கறாங்க. கடையில கேட்டா "காங்கிரீட் தரைதானுங்க, அப்படியே மாட்டிக்கலாம்"கிறாங்க. சுத்தப் பேத்தல். (கடைக்கார அண்ணன்மார் சண்டைக்கு வராதீங்க :-))

எங்க கோபியில முதல் எதிரி ஈரம். கொடிவேரி அணையில இருந்து தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுன்னா, வயலை ஒட்டின வீடுகள்ல ஈரம் மேல ஏறும். சித்திரையில சுக்கா காய்ஞ்சு கெடந்த தரை அப்போ உப்பு பூத்துரும். அதனால சோதனையை வாய்க்கால் ஓடறப்பவே பண்ணுங்க. ஒன்றரை அடி சதுரத்துல பாலித்தீன் தாளை வெச்சு, நாலு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டு எடுங்க. அடியில வேர்த்திருந்தா, தரை கறுத்திருந்தா, ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். பிளாஸ்டிக் அழுகாது, சரி. ஆனா அடியில தேங்குற நாத்தம்? காத்துப் போற மாதிரி அடியில கால் வெச்ச டைல்ஸ்தான் அங்க சரிப்படும். புதுத் தரைன்னா 28 நாள் கழிச்சு இந்தச் சோதனையைப் பண்ணுங்க.

அடுத்து வாட்டம். ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. கேட்டுப் பக்கம் ஓடாம நிக்கிற இடத்தைச் சாக்பீஸ்ல வளைச்சு, அங்க மட்டும் நிரவுனா போதும். விரிசலையும் அப்பவே அடைச்சிடலாம்.

ஆயில் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவிக் காயவிடுங்க. சுவத்தோரம் கொஞ்சம் இடைவெளி அவசியம். நம்ம ஊர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் விரியும், இடமில்லேன்னா நடுவுல மேடு தட்டிரும்.