ஆச்சிக்கு யார் துணை?



தென்காசிக்காரர்களிடம் ஆய்க்குடி என்றால் முருகன் கோயிலைச் சொல்வார்கள். அடுத்து அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள் அதன் பணியாளர்கள். அவர்கள் கிளம்பிய பிறகு?

அம்மா வேலைக்குப் போகிற வீடென்றால் ஆச்சிதான். பேரப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, கைகால் நீவிவிட்டு, ஊட்டிவிட வேண்டும். இடையில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு நாலு கட்டு பீடியாவது சுற்றியாக வேண்டும். அடுத்த தெருவில் படுக்கையாகக் கிடக்கிற மதினிக்குக் கஞ்சி கொண்டுபோவதும் அவரேதான். அவருக்கே சர்க்கரை, முட்டுவலி வேறு. கண்ணில் புரையென்று டாக்டர் சொல்லியும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். ‘நான் படுத்துட்டா இதுகள யாரு பாக்க?’ என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

அரசின் கணக்கிலும் இல்லை. குடும்பத்துக்காகப் பெண்கள் ஓயாமல் உழைப்பதற்கு மரியாதை என்று 2023 செப்டம்பரில் வந்தது மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வாங்குகிறவருக்கு அது கிடையாது என்று விதி வைத்தார்கள். இரண்டு தொகை எதற்கு என்று நினைத்திருக்கலாம். உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே அடுப்படியும் ஓய்வு கொடுத்துவிடுமா என்ன?

எனக்குத் தோன்றுவது இதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. அந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர் 68 வயதுக்காரி என்றால், அவர் பெயரையும் அதே ஏட்டில் ஏற்றலாமே. அவருடைய முதுகையும் பார்க்கலாம். கண் ஆபரேஷனுக்கு அவர் போகும் நாட்களில் நோயாளியோடு இருக்க ஆள் ஏற்பாடு செய்யலாம். மலப்புரம், கோழிக்கோடு பக்கம் அக்கம்பக்கத்தாரே முறைவைத்து நோயாளி வீடுகளுக்குப் போகிறார்கள், கால்நூற்றாண்டாக. செங்கோட்டை தாண்டினால் கேரளம், தூரமில்லை.

உங்கள் தெருவில் இப்படி முறைவைத்துக்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். பகல் துணை எளிதில் அமைந்துவிடும். இரவுக்கு யார் வந்தார்கள், எப்படிச் சம்மதித்தார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்