ஆர்ட்ஸ் குரூப்தானே!

"என்ன குரூப்?" என்று கேட்கிறார்கள். நாகரிகமான கேள்விதான். ஆனால், "என்ன ஜாதி?" என்று கேட்பவனின் கண்ணில் ஓர் அளவுகோல் தெரியுமே, அதே அளவுகோல் இவர்கள் கண்ணிலும் தெரிகிறது. பிள்ளை, சரித்திரம், பொருளாதாரம், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று நாலு பாடத்தையும் சொல்லி முடிப்பதற்குள், "ஓ, ஆர்ட்ஸ் குரூப்தானே!" என்று ஒரு பெருமூச்சு வந்துவிடும். அந்தத் 'தானே'யின் மீதுதான் எனக்குக் கோபம். பதினேழு வயசுக் குழந்தையின் தலையில் ஊர் கூடித் தூக்கி வைக்கிற பாரம் அது.

இந்த ஏற்பாடு ஆகாசத்திலிருந்து விழவில்லை. 1978-இல் பிளஸ் டூ வந்தது. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. பத்தாவதில் நிறைய மார்க்கு வாங்கியவர்களைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் அனுப்பிவிட்டு, மிச்சப் பேரை ஆர்ட்ஸில் கொட்டுகிற வழக்கம் பள்ளிக்கூடங்களில் வேர் பிடித்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் மனசு ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கொட்டிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து, "இதை வைத்துக்கொண்டு என்னம்மா படிப்பாய்?" என்று இரக்கப்படுகிறவர்களும் அதே ஆசாமிகள்தான்!

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாய் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் இந்த விஷயத்தைக் கொண்டுவந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்து வருகிற ஜனங்களை நம்பி நடக்கிற கடை. மகள் பிளஸ் டூ தேறியிருந்தாள்.

"நல்ல மார்க்குதான் சார். ஆனா ஆர்ட்ஸ் குரூப்பா பூட்டுது. கம்ப்யூட்டர்னு பேர்ல எங்கியாச்சும் வந்தா போதும். எங்க மச்சான் ஒரு காலேஜ் சொல்றாரு."

"பெண் என்ன சொல்கிறாள்?"

"சரித்திரம் படிக்கணும்னு சொல்லுது. அதுக்கு என்ன சார் தெரியும்?"

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்குத்தானேப்பா தெரியும்."

அந்தத் 'தானே' எனக்குப் பிடித்திருந்தது.

தகப்பனார்மீது எனக்கு வருத்தமில்லை. மகளை முன்னேற்ற வேண்டுமென்று தவிக்கிற மனிதர். அவமானத்தை மறைக்க ஒரு துணி தேடுகிறார், அவ்வளவுதான். அந்தத் துணியைக் கஜக் கணக்கில் விற்கிறார்களே, வியாபாரிகள், அவர்களைத்தான் சொல்ல வேண்டும். பி.காம். சி.ஏ. என்று ஒரு பட்டம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். நல்ல படிப்பாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டெழுத்தைக் கேட்டுவிட்டு, மகன் ஆடிட்டராகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். நிஜமான சி.ஏ. படிக்க ஆசையிருந்தால், பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் நேரே ஃபவுண்டேஷன் பரீட்சைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய மோசம் ஒன்று உண்டு. கல்லூரிகள் புதிது புதிதாய்ப் பெயர் சூட்டி நடத்துகிற சில பட்டங்களை, அரசு வேலைக்கு இன்ன பட்டத்துக்கு இணையானவை அல்ல என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டு ஒதுக்கியிருக்கிறது. பெண் மூன்று வருஷம் படித்து, பரீட்சை எழுதி, தேறி, சான்றிதழ் சரிபார்க்கும் மேஜைவரை வந்து நிற்பாள். அங்கேதான் தெரியும், அவளுடைய பி.ஏ. பி.ஏ.வே இல்லையென்று. நோட்டீஸில் கோட்டும் டையுமாய்ப் பிள்ளைகள் சிரிக்கிற படம் போடுகிறவர்கள் இதைப் போடுவார்களோ?

இங்கிலீஷ் மீடியம் மோகமும் இந்த வியாபாரத்தோடு சேர்ந்ததுதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவிகிதம் முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் அதைத் திருத்தினார்கள். பட்டதாரி வேலையென்றால் பட்டமும் தமிழ் வழியில் வாங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பெண்ணை, கடன் வாங்கி, மூன்று வருஷத்துக்கு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறார் தகப்பனார். அவள் கையில் இருந்த உரிமையை நழுவவிட அவரே பணமும் கட்டுகிறார்! இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாகவும் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். போன முன்னுரிமை திரும்பி வராது.

சரித்திரத்தால் என்ன பிரயோஜனம் என்கிறார்கள். மற்ற ஊர்க்காரன் கேட்டால் சும்மா இருந்துவிடலாம். திருவண்ணாமலைக்காரன் கேட்கலாமா? பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் இந்த ஊரைப் பற்றி ஐந்து பாகங்கள் வெளியிட்டன. கல்வெட்டுகள், கட்டடங்கள், விழாக்கள், கோயிலைச் சுற்றிய சமூக அமைப்பு, நகரம் என்று ஒன்றையும் விடவில்லை. பெரும்பகுதி பிரெஞ்சில். பாரிஸிலிருந்து இங்கே வந்து தெருத்தெருவாய் அலைந்து எழுதினார்களே, அவர்கள் என்ன எஞ்சினீயர்களா? பாதிக்குமேல் நம் பாஷையில் 'ஆர்ட்ஸ் குரூப்'காரர்கள்தாம். நம்முடைய ஊரைப் பற்றி அவர்கள் எழுதியதை இந்த ஊர்ப் பெண் ஒருத்தி படித்து, அது சரி, இது தப்பு என்று சொல்லக்கூடாதா?

பக்கத்திலே செங்கம். அங்கேயுள்ள நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை படியெடுத்து 1972-இல் புத்தகமாகவே போட்டது. அந்த வட்டாரத்தில், எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று. மாட்டு மந்தைக்காகச் செத்த வீரனுக்கு நட்டது. கூடவே நின்று கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய நாய்க்கு இந்த ஜில்லாவில் விலாசம் இருக்கிறது. அந்த வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

"கல்லைப் படித்தால் சோறு வருமா?" சரி, சோற்றுக் கணக்கே பார்ப்போம். இந்த ஊர் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சரித்திரத்தை இளக்காரம் செய்துவிட்டு எஞ்சினீயரிங் படித்த பிள்ளைகள், இருபத்து மூன்று வயதில், ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். குரூப் 4 பரீட்சையில் 200 கேள்விக்கு 100 தமிழ். மீதியிலும் பெரும்பகுதி சரித்திரம், அரசியல் சட்டம், பொருளாதாரம், பூகோளம். குரூப் 1-க்கும் ஐ.ஏ.எஸ்ஸுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும், பி.ஏ.வுக்கு ஒரு நாற்காலி, பி.இ.க்கு ஒரு நாற்காலி என்று அங்கே போட்டுவைக்கவில்லை.

வக்கீல் படிப்பு வேண்டுமா? எந்தக் குரூப்பானாலும் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். வேலூரிலும் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதிலும் 7.5 சதவிகித இடம் உண்டு. டீக்கடைக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருந்தது.

பி.ஏ. என்றால் உடனே வேலை என்று நான் புளுகப் போவதில்லை. பெஞ்சில் மூன்று வருஷம் தூங்கி வாங்குகிற பட்டம் எந்தப் பெயரில் இருந்தாலும் தூங்கும். அரசு கலைக் கல்லூரிகளின் நிலையும் எனக்குத் தெரியும். நிரந்தர ஆசிரியர் இடங்களைக் காலியாய்ப் போட்டுவிட்டு, கௌரவ விரிவுரையாளர்களின் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக் காலம் தள்ளுகிறது அரசாங்கம். பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் ஆரம்பித்தார்களே, வாஸ்தவம், நல்ல காரியம். அந்த ரூபாயோடு வகுப்புக்குப் போனால் எதிரே ஒரு வாத்தியாரும் நிற்க வேண்டாமா?

கல்லூரிச் சம்பளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1896-இல் மதுரையில் ஒரு பள்ளிக்கூடப் பையன், கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லி அண்ணன் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டெழுதி, மீதி இரண்டு ரூபாயோடு வைத்துவிட்டு, ரயிலேறி இந்த மலைக்கு வந்துவிட்டான். ரமணர் படம் மாட்டாத கடை கிரிவலப் பாதையில் அபூர்வம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை, "எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்" என்று ஒரு வாய் பேசினால் மட்டும் நமக்குப் பொறுக்காது!

நான் டீக்கடைக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்: மச்சான் சொல்லும் கல்லூரிக்குப் போங்கள். இந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை, எந்த அரசாணைப்படி இணை, வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள். போகும்போது பெண்ணையும் அழைத்துக்கொண்டு போங்கள்; கேள்விகளை அவளே கேட்கட்டும்.