வாசற்படியில் நின்ற கால்

ராயபுரத்தில் நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் வசிக்கிறார். துறைமுகத்தில் கப்பல் வடம் இழுத்து உரமேறிய தேகம். இன்றோ சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட அவரால் இயலவில்லை. கூடத்தில் நடந்து வருகிறார். நிலைப்படி அருகே வந்ததும் பாதங்கள் தரையில் பசை வைத்து ஒட்டினாற்போல் நின்றுவிடுகின்றன. பிடிவாதமென்று எண்ணி வீட்டார் கையைப் பற்றி இழுக்கிறார்கள், பெரியவர் விழுகிறார். பிடிவாதமன்று, வியாதி. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் வைத்தியர் விவரித்த நடுக்குவாதத்தின் கூறு அது.

சென்ற வாரம் பெரியவரின் மகன் நம்மிடம் வந்தார். "ஸார், மூளையில் மின்கம்பி வைத்தால் அப்பா நடந்துவிடுவாராமே? வீட்டை அடகு வைக்கலாமென்று இருக்கிறேன்" என்றார்.

இச்சிகிச்சை நம் நகரத்துக்குப் புதிதன்று. ஆசியாவின் முதல் பெண் மூளை ரணசிகிச்சை நிபுணரெனப் புகழ்பெற்ற டாக்டர் டி. எஸ். கனகா அம்மையார் 1975-லேயே மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் செய்தவர். 1987-ல் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட், விரைவான மின்துடிப்பால் நடுக்கம் அடங்குவதைக் கண்டார். மார்பில் தோலுக்கடியில் ஒரு சிறு பாட்டரி. அதிலிருந்து மூளைக்குள் மெல்லிய கம்பி. தக்க நோயாளிகளுக்கு நடுக்கமும் விறைப்பும் மந்தமும் நன்கு குறைகின்றன.

ஆனால் நடையின் சமாசாரம் வேறு. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்வரை நன்றாக நடந்து, அதன் பலம் தணிந்தபின் ஒட்டிக்கொள்ளும் கால், கம்பியாலும் பெரும்பாலும் குணமடையும். மாத்திரை முழுப் பலத்துடன் இருக்கையிலேயே ஒட்டும் கால், கம்பியாலும் பெரும்பாலும் விடுபடாது. சிலருக்கு நடை முன்னிலும் கெடுவதுண்டு. ஆகவே அடகுக் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மாத்திரை வேலை செய்கையில் அப்பாவின் நடை எப்படி? நரம்பு வைத்தியர் மாத்திரைக்கு முன்னும் பின்னும் நடக்கச் செய்து பார்த்துச் சொல்வார்.

அதுவரை காசு செலவில்லாத உபாயம் ஒன்றுண்டு. தரையில் கோடு கண்டாலும், தாளம் கேட்டாலும் ஒட்டிய கால் பல சமயம் எழும்பும். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியால் நிலைப்படிக்கு முன் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் இழுத்தோம். மகன் பக்கத்தில் நின்று, இழுக்காமல், "ஐலேசா" என்றார். பெரியவர் சிரித்தார், முதற் கோட்டைத் தாண்டினார், பிறகு வாசற்படியையும் தாண்டினார்.

தினமும் இப்படி நடக்குமென்று நாம் சொல்லவில்லை. மகன் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்பாவை வைத்தியரிடம் அழைத்துப் போயிருக்கிறார்.