கல்லில் பெயர், காலடியில் சேறா?

தூத்துக்குடியில் மேற்கு கிரேட் காட்டன் ரோடு என்றொரு வீதி உண்டு. பெரிய பருத்திச் சாலை என்பது அதன் பொருள். கரிசல் காட்டு உழவன் விளைவித்த பருத்தியை வெள்ளையன் கப்பலேற்றிக் கொண்டுபோன ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தியதில் வியப்பில்லை. பின்னர் அது வ.உ.சி. சாலை ஆயிற்று. வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்டவரின் பெயரை அவ்வீதி ஏற்றதில் நமக்குப் பெருமையே. ஆனால், பெயர்ப் பலகையை மாட்டியதோடு கடமை முடிந்துவிட்டதா என்று கேட்கிறோம்.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றிய கதையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய கதையை எத்தனை பேர் சொல்வார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். வார விடுமுறை கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். ஊர் தோள் கொடுத்தது. ஆலை நிர்வாகம் பணிந்தது. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானபோது அதே தொழிலாளர்கள் மீண்டும் வெளியேறினர். இம்முறை கூலிக்காக அல்ல, நாட்டுக்காக!

சுதேசிகளை ஒடுக்க முனைந்த அதிகாரி ஆஷுக்கு இதே நகரில் நினைவு மண்டபம் எழுந்தது. அதை இடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது நிற்கட்டும். அவர் யார், என்ன செய்தார், 1911-இல் மணியாச்சியில் ஏன் சுடப்பட்டார் என்பதை அதனருகே எழுதி வையுங்கள். அதைவிடப் பெரிய எழுத்தில் ஆலைத் தொழிலாளியின் போராட்டத்தை எழுதி வையுங்கள். 2018 மே மாதம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது பாய்ந்த குண்டுகளுக்குப் பலியான 13 பேரையும் இந்நகரின் வரலாறு மறக்கலாகாது.

வரலாறு என்பது சிலைக்கு மாலை போடுவது மட்டுமா? நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். தாகத்தால் தவித்த ஊருக்குத் தண்ணீர் தந்ததால்தான் அவர் பெயர் மக்கள் நாவில் நிற்கிறது. மக்களுக்கு உழைத்த பெயரைக் கல்லில் வெட்டாவிட்டாலும் காலம் அழிக்காது.

அந்த நகரம் 2023 டிசம்பரில் பட்ட பாடு என்ன? அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. வீதிகள் ஆறாயின; நாட்கணக்கில் நீர் வடியவில்லை. "வானம் பொழிந்தால் நாங்கள் என்ன செய்வோம்?" என்று கைவிரிப்பவர்கள் உண்டு. வானத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை. குளத்தின் கரையைக் காப்பதும், பக்கிள் ஓடையைத் தூர்வாருவதும், வீட்டு மட்டத்துக்கு மேல் சாலையை உயர்த்தாதிருப்பதும் வானத்தின் வேலையா? மனிதர்களின் வேலையல்லவா?

பூங்காக்களையும் இக்கண் கொண்டே பார்க்கிறோம். ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் அலங்காரப் பொருள்கள் அல்ல. மாளிகைவாசிக்குத் தோட்டம் உண்டு. உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் காய்ந்த பெண்ணுக்கும், வலை இழுத்து வந்த மீனவனுக்கும் மாலைக் காற்று வாங்க இடம் எது? பொதுப் பூங்காவே! அங்கே நிழல் வேண்டும், குடிநீர் வேண்டும், விளக்கு வேண்டும். வாயிலில் நின்று காசு கேட்கும் கை வேண்டாம்.

பணமில்லை என்று சொல்லாதீர்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் தேர்வான நகரம் இது. வண்ண விளக்குக்கு வழியிருந்தால் வடிகாலுக்கும் வழியுண்டு.

வீதிக்கு வ.உ.சி.யின் பெயரை வைத்தோம். அவ்வீதியில் தொழிலாளி சேறு படாமல் நடக்கும் நாளில்தான் அப்பெயருக்கு நாம் உண்மையான மரியாதை செய்தவர்கள் ஆவோம்.