வேலை முடிந்த பிறகும் ஒலிக்கும் போன்



நமது வாலிபர் கூடுகையில் ஜெபக்குறிப்பு கேட்டால் "வேலை" என்ற சொல் வராத வாரம் கிடையாது. பாதிப்பேர் வேலை கிடைக்க வேண்டும் என்பார்கள். மீதிப்பேர், கிடைத்த வேலையைச் சமாளிக்கப் பெலன் வேண்டும் என்பார்கள். முதல் குறிப்புக்காக எல்லாரும் ஊக்கமாக ஜெபிக்கிறோம். இரண்டாவதைக் கேட்டால், "போகப்போகப் பழகிவிடும்" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுகிறோம். பழகக் கூடாத ஒன்றுக்கு நம் பிள்ளைகளைப் பழக்குகிறோம் என்பது என் கருத்து.

மெல்பர்னில் 14 வருடங்களாக ஐ.டி. துறையில் இருக்கிறேன். "உட்கார்ந்த இடத்தில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற வேலைதானே" என்று நினைக்கும் மாமா, அத்தைமாருக்காக எங்கள் ஒரு நாளைச் சொல்கிறேன்.

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கும். புதிதாக ஒன்று போட்டால் போனுக்கு ஒரு எண் வரும். அதை அடித்தால் இன்னொரு செயலி, "இது நீங்கள்தானா?" என்று கேட்கும். உள்ளே போவதற்குள் முதல் மீட்டிங் தொடங்கிவிடும். பெயருக்கு 15 நிமிட மீட்டிங், ஓடுவது முக்கால் மணி நேரம். அடுத்து ஒரு டிக்கெட் வரும்: "சிஸ்டம் வேலை செய்யவில்லை." எந்த சிஸ்டம், என்ன செய்தபோது நின்றது என்று ஒரு வரி இருக்காது. கேட்டு எழுதினால் மூன்று நாள் கழித்துப் பதில் வரும், அந்தத் தாமதமும் நம் கணக்கில்தான் ஏறும். நேற்றுவரை ஓடிய ப்ரோக்ராம், யாரோ எங்கோ வெளியிட்ட அப்டேட்டால் இன்று ஓடாது. அதைச் சரிசெய்ய முழு நாள் போகும். மேலாளருக்கு அது வேலையாகவே தெரியாது. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது, அதில் என்ன செய்தாய் என்பார்.

இவையெல்லாம் எரிச்சல்கள். எரிச்சல் இல்லாத தொழில் இல்லை. நம் சபையில் இருக்கும் நர்ஸ் அக்காமாரைக் கேட்டால் இதைவிடப் பெரிய பட்டியல் தருவார்கள். இதற்காக ஒரு கட்டுரை தேவையில்லை. மாலையில் லேப்டாப்பை மூடிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன்.

முதலில் நியாயமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.யில் உண்மையான அவசரம் உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மெல்பர்னில் பிற்பகல் 2 மணி தாண்டியிருந்தது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால் உலகமெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. விமான நிலையங்கள், வங்கிகள், சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லாம் தடுமாறின. அந்த நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த பல கணினிகள் தாமாக எழும்பவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கு 48 இலக்கச் சாவி எண்ணையும் தேடி எடுத்து அடிக்க வேண்டும். அந்த வாரக்கடைசியில் வீட்டுக்குப் போகாமல் உழைத்தவர்கள் பலர். அவர்கள் செய்தது சரி. ஓய்வுநாளில் எருது துரவில் விழுந்தால் தூக்கிவிடாமல் இருப்பீர்களா என்ற பொருளில் நம் ஆண்டவர் கேட்டாரே, அந்த வகை வேலை அது.

ஆனால் வாரத்துக்கு நான்கு இரவு எருது குழியில் விழுந்தால்? அப்போது எருதை விட்டுவிட்டுக் குழியைப் பார்க்க வேண்டும். குழியை வெட்டி மூடாமல் விட்டவன்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் சட்டமே இருக்கிறது.

எங்கள் துறையில் இரவில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மூடாமல் விட்ட குழிகள்தான். வேலை செய்பவரைக் கேட்காமலே விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிடும். பழைய சர்வரை மாற்றப் பணம் கேட்டபோது "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். எட்டுப் பேர் செய்த வேலையை ஆட்குறைப்புக்குப் பிறகு ஐந்து பேர் செய்வார்கள். போனவர்களின் தலைக்குள் இருந்த விவரம் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. சென்னை அணிக்கு வசதியான நேரத்தில் மீட்டிங் வைப்பார்கள். அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 10:30, கோடையில் 11:30. ஒவ்வொன்றும் யாரோ பகலில் எடுத்த முடிவு. அதன் விலையை இன்னொருவர் தூக்கத்தால் கட்டுகிறார்.

அப்படிக் கட்டுபவர் பெரும்பாலும் அணியில் இளையவர், விசாவில் இருப்பவர், "முடியாது" என்று சொல்லிப் பழகாதவர். அதாவது நம் வீட்டுப் பிள்ளை.

இந்த நாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் தெளிவாக வருவதில்லை. 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளியிடமிருந்து வரும் அழைப்பையோ செய்தியையோ பார்க்கவும், படிக்கவும், பதில் சொல்லவும் மறுக்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. 15 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறிய நிறுவனங்களுக்கு அது ஒரு வருடம் கழித்து, 2025 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

முதலாளி கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஊழியர் எதையும் மறுக்கலாம் என்றும் சொல்லவில்லை. மறுப்பது நியாயமற்றதாக இருக்கக் கூடாது. எதற்காக அழைத்தார்கள், அது எவ்வளவு தொந்தரவு, அந்த நேரத்தில் தயாராக இருப்பதற்குப் பணம் தருகிறார்களா, உங்கள் பொறுப்பு எவ்வளவு பெரியது, வீட்டில் குழந்தையோ வயதான பெற்றோரோ இருக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கில் எடுக்கப்படும். சிக்கல் வந்தால் முதலில் வேலையிடத்தில் பேச வேண்டும். அங்கே தீராவிட்டால் ஃபேர் வொர்க் கமிஷனுக்குப் போகலாம். ஊழியராக இல்லாமல் சொந்த ஏ.பி.என். வைத்துக் கான்ட்ராக்டராக வேலை செய்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை. கான்ட்ராக்டில் கூடுதல் டாலரை மட்டும் பார்ப்பவர்கள் இதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

ஆகவே ஆன்-கால் பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, அதற்குப் படியும் வாங்கினால், இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கத்தான் வேண்டும். வாங்கின காசுக்கு உண்மையாக இருப்பது நம் சாட்சி. பட்டியலும் இல்லை, படியும் இல்லை, வெறும் பழக்கம்தான் என்றால், அதற்கு உண்மையாக இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

"சட்டம் பேசினால் விசா போய்விடும்" என்ற பயம் அடுத்து வரும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஸ்பான்சர் செய்த நிறுவனத்தின் தயவில் குடும்பமே நிற்கும்போது யாருக்கும் வாய் வராது. ஆனால் பயப்படும் அளவாவது சரியாக இருக்கட்டும். முன்பு 482 விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு ஸ்பான்சரைத் தேட 60 நாட்கள்தான் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாட்கள் வரை, விசாக் காலம் முழுவதற்கும் மொத்தம் 365 நாட்கள் வரை கிடைக்கும். விசாவைக் காட்டி மிரட்டி ஒருவரைச் சுரண்டுவது அதே தேதியிலிருந்து குற்றமாக்கப்பட்டிருக்கிறது. வேலையிட உரிமைகள் குடியுரிமை உள்ளவருக்கும் விசாவில் இருப்பவருக்கும் ஒன்றே. இதைத் தெரிந்துகொண்டால் நாளைக்கே தைரியம் வந்துவிடும் என்று சொல்லவில்லை. 60 நாள் பயத்தை இன்னும் சுமந்துகொண்டிருப்பவர் அதைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

பெரியவர்கள் சிலருக்கு இதைப் படிக்கும்போது மனம் ஒப்பாது என்று தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து டாண்டினோங் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் பட்டத்தோடு வந்து டாக்ஸி ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். "நாங்கள் படாத கஷ்டமா?" என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள், ஐயா. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும். இயந்திரம் அங்கேயே நிற்கும், நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். உங்கள் மகனுடைய இயந்திரம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. குடும்ப ஜெபத்தில் முழங்கால்படியிடும்போதும் அது கூடவே வருகிறது. நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு மணிக்கணக்கு இருந்தது, அதற்குக் கூலியும் இருந்தது. அவன் படுவதற்கு இரண்டும் இல்லை.

பெற்றோர் ஒன்றை நிறுத்தலாம். "என் மகன் ராத்திரி பன்னிரண்டு மணிவரை மீட்டிங்கில் இருப்பான், கம்பெனியே அவனை நம்பித்தான் ஓடுகிறது" என்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது பெருமையாகச் சொல்கிறோம். அது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் விழுகிறது. ஒன்பது மணிக்கே போனை அணைத்துவிட்டுத் தூங்கும் பிள்ளை சோம்பேறி என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

நம்மில் பலர் இப்போது மேலாளர்களாகவும் இருக்கிறோம். சிலர் சொந்த நிறுவனமே நடத்துகிறோம். ஓய்வுநாள் கட்டளை யாரிடம் பேசுகிறது என்று உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் கவனியுங்கள். நீ ஓய்ந்திரு என்று சொல்வதோடு அது நிற்பதில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியனையும் சேர்த்துச் சொல்கிறது. ஞாயிறு காலை முதல் வரிசையில் உட்கார்ந்து பாடிவிட்டு, மதியம் தன் அணிக்கு "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்று மெசேஜ் அனுப்புகிறவர் தன் ஓய்வை மட்டும் காத்துக்கொள்கிறார். திங்கள் காலை 9 மணிக்குப் போகும்படி அந்தச் செய்தியை நேரம் குறித்து அனுப்ப எல்லா மெயிலிலும் வசதி இருக்கிறது.

சபையிலும் இது நடக்கிறது. ஐ.டி.யில் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஒரு வாலிபனிடம் ப்ரொஜெக்டர், சவுண்ட், நேரலை, இணையதளம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறோம். ஆராதனை நேரத்தில் அவன் பாடுவதில்லை, பின்னால் உட்கார்ந்து ஒலி சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். முடிந்ததும் நாலு ஆன்ட்டிமார் போனை நீட்டி, "தம்பி, இதில் வாட்ஸ்அப் வரவில்லை, கொஞ்சம் பார்" என்பார்கள். சனி இரவு 11 மணிக்குப் பாட்டு மாறிவிட்டது என்று குழுவில் செய்தி வரும். ஆறு நாள் அலுவலகத்தில் செய்ததை ஏழாம் நாள் இங்கே செய்கிறான், இங்கே பெயர் ஊழியம். அவன் மனமுவந்துதான் செய்கிறான். அதனாலேயே நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வாலிபர் சங்கக் கமிட்டிக்கு என் யோசனை இது. நேரலை மேசைக்கு ஐந்து பேரைப் பழக்குங்கள், ஐ.டி.யில் இல்லாதவர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம். ஐந்து வாரத்துக்கு ஒரு முறைதான் ஒருவருக்கு முறை வரும்படி பட்டியல் போடுங்கள். பாட்டு வரிசை வியாழன் இரவுக்குள் முடிவாகட்டும். இரவு 9 மணிக்குப் பிறகு குழுவில் செய்தி போட வேண்டாம். சாவும் விபத்தும் வந்தால் நேரடியாகப் போன் செய்துகொள்ளலாம்.

வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கும் மூன்று காரியங்கள். வேலை ஒப்பந்தத்தை எடுத்து, கூடுதல் நேரம் பற்றியும் ஆன்-கால் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே படியுங்கள். ஒரு மாதத்துக்கு, நேரம் கடந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் தேதி, நேரம், காரணத்தோடு ஒரு நோட்டில் குறியுங்கள். பிறகு அந்த நோட்டை வைத்துக்கொண்டு மேலாளரிடம் மரியாதையாகப் பேசுங்கள். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் தேற்றி அனுப்பிவிடுவார். "இந்த மாதம் 19 அழைப்புகள், அதில் 14 அந்த ஒரே பழைய சர்வரால்" என்று காட்டினால் அவர் தன் மேலதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போக ஒரு காகிதம் கிடைக்கிறது. தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், அடுத்த கூடுகைக்கு ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள். இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறோம். ஜெபமும் பண்ணுவோம்.